‘ஓடிப்போனவள்’ என்ற சொல்லிலிருந்து மகளிரியல்



மேல்மலையனூரில் மாசி மாத மயானக் கொள்ளைக்கு ஊர் ஊராகத் திரண்டு வருகிறார்கள். அங்காளம்மனின் சினத்துக்கு அஞ்சிக் கும்பிடும் இதே வட்டாரத்தில், ஒரு பெண் சாதி கடந்து தன் விருப்பப்படி மணந்தால் அவளுக்குப் பெயர் ‘ஓடிப்போனவள்’. அவள் எங்கிருக்கிறாள் என்று தெரிந்தே ‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் எழுதப்படுகிறது. இந்தச் சொல்லையும் இந்தப் புகாரையும் விளக்க முடியாத மகளிரியல் நமக்கு எதற்கு?

அந்தப் படிப்பின் வரலாற்றைப் பெரும்பாலும் 1974இலிருந்து எழுதுகிறார்கள். பெண்களின் நிலை குறித்த அரசுக் குழு ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையை அளித்த ஆண்டு அது. பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் ஆய்வுப் பிரிவு தொடங்கியதும் அப்போதுதான். 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதை அதற்கும் 58 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது.

1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். 25 வயது மாணவர் அம்பேத்கர் மானிடவியல் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம் என்றார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காக்கவே வந்தன என்று விளக்கினார். பெண்ணின் பாலுறவையும் திருமணத்தையும் கட்டுப்படுத்தாமல் சாதி நிலைக்காது என்பதை ஒரு தலித் மாணவர் பல்கலைக்கழகத்தில் வைத்து அன்றே நிறுவிவிட்டார்.

துறைகள் வந்தபோது இந்தக் கேள்வி ஓரமாகவே கிடந்தது. அதை நடுவே கொண்டுவந்தது தலித் பெண்களின் எழுத்தும் இயக்கமும். தமிழில் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இலும், பாமாவின் ‘கருக்கு’ 1992இலும் வந்தன. 1995இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. தலித் பெண்கள் ஏன் தனித்துப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு அதே ஆண்டில் எழுதினார். 1998இல் சர்மிளா ரெகே அந்த விவாதத்தைத் தலித் பெண்ணிய நிலைப்பாடாக வளர்த்தார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ திருநங்கையின் வாழ்வையும் இந்த வாசிப்புக்குள் கொண்டுவந்தது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தத்திலும் அருகிலிருந்த காலனிகளிலும் வீடுகள் எரிக்கப்பட்டன. காரணமாகக் காட்டப்பட்டது ஒரு காதல் மணம். 1916இன் கட்டுரை பழையதாகிவிடவில்லை.

ஆகவே மகளிரியல் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்பது இதுதான்: உங்கள் ஆய்வை நம் தெருவிலிருந்து தொடங்குங்கள். ‘ஓடிப்போனவள்’ திரும்பி வந்து தன் கதையைத் தானே சொல்ல, அந்த வகுப்பில் ஓர் இடம் பிடித்து வையுங்கள்.