கவிஞரும் காணியாளரும்: அயர்லாந்தில் ஸ்பென்சர்

எட்மன்ட் ஸ்பென்சர் அயர்லாந்தில் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் குடியேற்ற ஆட்சியின் அலுவலராக வாழ்ந்தமை, ஆங்கில இலக்கிய வரலாறுகளில் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே நின்றது. 1580இல் அரசியின் பிரதிநிதியான கிரே பிரபுவின் செயலாளராக அவர் அங்கு சென்றார். அவ்வாண்டு நவம்பரில் ஸ்மெரிக் கோட்டையிற் சரணடைந்த சுமார் அறுநூறு பேர் கிரேயின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். டெஸ்மன்ட் பிரபுவின் கிளர்ச்சி 1583இல் ஒடுக்கப்பட்டபின், மன்ஸ்டரிற் பறிமுதலான நிலங்கள் ஆங்கிலேயருக்குப் பங்கிடப்பட்டன. கில்கொல்மன் கோட்டையும் சுமார் 3,000 ஏக்கரும் ஸ்பென்சருக்குக் கிடைத்தன.

‘ஃபெயரி குயீன்’ காவியத்தில் நீதியின் வீரனாக வரும் ஆர்ட்டிகாலிடம் கிரேயின் சாயலைக் காணாத ஆய்வாளர் அரியர். ஆயினும், 1596 அளவில் எழுதப்பெற்று 1633இலேயே அச்சேறிய அயர்லாந்து பற்றிய அவரது உரைநடை உரையாடலே இங்கு முதன்மையாக நோக்கற்பாலது. மன்ஸ்டர் மக்கள் பஞ்சத்தால் எலும்புந் தோலுமாய்த் தவழ்ந்ததை இரக்கந் தோன்ற வருணிக்கும் அந்நூல், கிளர்ச்சியை அடக்க அதே பட்டினியை மீண்டும் பரிந்துரைக்கிறது. அயர்லாந்துப் பாணரின் பாடல்களை மொழிபெயர்ப்பித்துக் கேட்டு, அவற்றின் நயத்தை ஒப்புக்கொண்டவரும் அவரே. அவை கிளர்ச்சியாளரைப் போற்றுவன எனக் கண்டித்தவரும் அவரே. இதனைத் தனிமனித முரண்பாடெனக் கொண்டு அமைதல் போதாது. அப்பாணர் பாடிய குலங்களின் நிலத்திலேயே அவரது காணி இருந்தது.

1598 ஒக்டோபரிற் கிளர்ச்சியாளர் கில்கொல்மனை எரித்தனர். இலண்டன் மீண்ட ஸ்பென்சர் 1599 ஜனவரியில் இறந்தார்; வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.