அடிப்படை ஆண்டு என்னும் பேரம்: 1934 துணிக் கோட்டாவும் பினாங்கும்

இரு அரசுகள் துணி ஏற்றுமதிக்கு வரம்பு பேசும்போது, எத்தனை கஜம் என்பதே சிக்கல் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எந்த ஆண்டுகளின் வணிகத்தை அளவுகோலாக வைப்பது என்பதில்தான் உண்மையான பேரம் இருக்கிறது. அந்தப் பேச்சில் இடமில்லாத துறைமுகம் அதன் சுமையைத் தாங்குகிறது. பினாங்கின் வரலாறு இதற்குச் சான்று.

1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையைக் கைவிட்டது. யென் சரிந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜப்பானிய ஆலைத் துணி ஆசியச் சந்தைகளில் குவிந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளைக் காக்க பிரிட்டன் ஜப்பானுடன் நடத்திய பேச்சு 1934 தொடக்கத்தில் முறிந்தது. மே மாதத்தில் வணிக வாரியத் தலைவர் வால்டர் ரன்சிமன், காலனிகளில் அந்நியப் பருத்தி, ரேயான் துணிகளுக்குக் கோட்டா அறிவித்தார். அளவுகோல் 1927 முதல் 1931 வரையிலான சராசரி இறக்குமதி. ஜப்பானியத் துணி பெருகிய 1932, 1933 இரண்டும் கணக்கிலேயே வரவில்லை. அந்நிய நாடுகள் அனைத்துக்கும் பொதுவான விதிதான். ஆனால் ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே அடி ஜப்பானுக்கு என்பது முடிவாகிவிட்டது.

அதே காலத்தில் இந்தியா வேறு வழியில் போனது. 1933இல் பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு 75 விழுக்காடு வரி விதித்தது. ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. முடிவில் துணியும் பஞ்சும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன: ஜப்பான் 10 லட்சம் பொதி பஞ்சு வாங்கினால் 32.5 கோடி கஜம் துணி அனுப்பலாம், 15 லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கஜம். இந்தியாவும் அன்று அடிமை நாடுதான். ஆனாலும் தராசின் மறுதட்டில் வைக்க அதனிடம் பஞ்சு இருந்தது, அதை வைத்துப் பேச ஓர் அரசும் இருந்தது. மலாயாவிடம் ரப்பரும் வெள்ளீயமும் இருந்தன. அவற்றை வைத்துப் பேசத்தான் யாருமில்லை. இலங்கையின் அரசாங்க சபை கோட்டாவை ஏற்க மறுத்தபோது, லண்டன் அதைத் தன் ஆணையாலேயே திணித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கே அந்தக் கதி என்றால், பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின், அதிகாரிகளின் கை ஓங்கியிருந்த சட்டமன்றத்தில் பினாங்கு வணிகரின் குரல் என்ன செய்திருக்க முடியும்?

வட மலாயாவுக்கும் சுமத்ராவுக்கும் தென் சயாமுக்கும் சரக்குப் பிரித்தனுப்பிய துறைமுகம் பினாங்கு. பெருமந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் தினக்கூலி 50 சென்ட்டிலிருந்து 40க்கும் அதற்குக் கீழும் இறங்கியிருந்தது. அந்தக் கூலிக்கு எட்டிய கைலி ஜப்பானியக் கைலி. அதை அரிதாக்கிய விதியின் விலையைத் தமிழ்த் தொழிலாளியும் கொடுத்தார். லங்காஷயரின் வேலையின்மையைப் பேசுவோர் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1974இல் துணி, ஆடை ஏற்றுமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வகுக்க வழிசெய்த பல்லிழை ஒப்பந்தம் (Multi-Fibre Arrangement) வந்தபின் காட்சி மாறியது. மேலை நாடுகள் ஹாங்காங் துணிக்கு வரம்பு கட்ட, அங்கிருந்த முதலீடு கோட்டா கிடைக்கும் நாடுகளைத் தேடியது. பினாங்கு மாநிலத்தின் பிறையில் டோரே குழுமத்தின் பென்ஃபேப்ரிக், ஹாங்காங் டால் குழுமத்தின் பென் அப்பாரல் போன்ற ஆலைகளின் வளர்ச்சியைக் குறைந்த கூலியாலும் தடையற்ற வணிக வலயத்தாலும் மட்டும் விளக்கிவிட முடியாது. இம்முறை மலேசிய அரசு அமெரிக்காவுடன் நேரடியாகப் பேசியது. எனினும் பழைய சிக்கல் தீரவில்லை. ஒப்பந்தம் பொதுவிதியாக வைத்த ஆண்டு வளர்ச்சி 6 விழுக்காடு. தாமதமாக நுழைந்த நாட்டின் அடிப்படை அளவே சிறியது என்பதால், அந்த 6 விழுக்காடு சில ஆயிரம் டசன் சட்டைகளுக்குமேல் போகாத இனங்களும் இருந்திருக்கும்.

2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறை முடிவுக்கு வந்தது. மலேசியத் தயாரிப்பு என்ற சான்றுக்கு அதுவரை இருந்த தனி மதிப்பு நீங்க, பிறை ஆலைகள் விலையையும் தரத்தையும் மட்டுமே நம்பிச் சீனத் துணியோடு போட்டியிட வேண்டியதாயிற்று.