விமோசனம்: பத்து இதழும் அதற்குப் பிறகும்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம். சேலத்தில் பேர்போன வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925ல் அங்கே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று மூன்று வேலை. மூன்றாவது வேலைக்காக 1929ல் பிறந்ததுதான் ‘விமோசனம்’ மாத இதழ். குடியை ஒழிப்பதைத் தவிர வேறு பேச்சே அதில் கிடையாது.

ராஜாஜி ஆசிரியர். திரு.வி.க.வின் ‘நவசக்தி’யை விட்டு வந்திருந்த கல்கி அவருக்குத் துணை. தமிழில் நகைச்சுவைக்கென்றே பிறந்த பேனா ஒன்று மாதம் தவறாமல் கள்ளைத் திட்டி எழுத வேண்டியிருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரே சரக்கை அலுக்காமல் சொல்ல அங்கே பழகியது பின்னாளில் ‘ஆனந்த விகடன்’ இதழில் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

பத்து இதழோடு ‘விமோசனம்’ நின்றது. வாசகர் இல்லாமல் அல்ல. 1930ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்து, ஆசிரியர், துணையாசிரியர் இருவரையும் ஜெயிலுக்குக் கொண்டு போய்விட்டது.

ஆனால் அதில் எழுதிய விஷயம் நிற்கவில்லை. 1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலத்துக்குள் அடக்கம். ஜனத்தொகை சுமார் 24 லட்சம். மரமேறிகளுக்கு மாற்றுத் தொழிலாகப் பதநீர் காட்டப்பட்டது. பாளையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் சொட்டுவது புளிக்காது, காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் அதே மரம், அதே கலயம், கள். ஒரு விரல் சுண்ணாம்புக்குள் சட்டம் அடங்கியிருந்தது. கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போனது, வந்தது, மறுபடி போனது. அந்த வரி மட்டும் போகவேயில்லை.

சட்டம் வந்ததால் சேலத்துக் குடும்பங்களின் வரவு செலவில் என்ன மாறியது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும், ராஜாஜியின் கடிதங்களும் காகிதங்களும் டெல்லி நேரு நினைவு நூலகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. ஆக, சேலத்துக் குடியைப் பற்றித் தலைவர் எழுதினார், எழுத்தாளர் எழுதினார், கலெக்டர் எழுதினார், பேராசிரியரும் எழுதினார். குடித்தவர் எழுதியது எங்கே? ‘விமோசன’த்திலும் அவர் கதாபாத்திரம்தான், கட்டுரையாளர் அல்ல. அந்த இதழை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குடியிலிருந்து மீண்டவரின் குரலை அதில் தேடிப் பயனில்லை.

அந்தக் குரல் அதே சமயத்தில் வேறொரு கண்டத்தில் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. சேலத்தில் கள்ளுக்கடை மூடிய மறு ஆண்டு, நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரத்து அலுவலகம் ஒன்றில், குடித்துக் கெட்டு மீண்ட பில் வில்சன் வாயால் சொல்லச் சொல்ல ஒரு புத்தகம் உருவானது. 1935ல் அவரும் டாக்டர் பாப் என்ற மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் அடிப்படை நூல் அது. சுமார் 400 நகல் எடுத்து டாக்டர்கள், பாதிரிமார், குடியை விட்டவர்கள் என்று பலருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். வந்த திருத்தங்களை எல்லாம் ஒரே பிரதியில் பல நிறப் பென்சிலால் ஏற்றினார்கள். ‘நீ இப்படிச் செய்’ என்ற அதட்டல் பல இடங்களில் ‘நாங்கள் இப்படிச் செய்தோம்’ என்று இறங்கியது. கடவுளை நம்பாத உறுப்பினரும் உள்ளே வர வழிவிட்டு, மண்டியிடச் சொன்ன சொற்கள் அடிபட்டன. அந்தக் கிறுக்கல் பிரதியே அச்சகத்துக்குப் போய், 1939 ஏப்ரலில் நூலாக வந்தது.

பில் வில்சன் 1971ல் காலமானார். அவர் மனைவி லோயிஸ் 1978ல் அந்தப் பிரதியை ஒரு நண்பருக்குக் கொடுத்தார். பின்னாளில் அது ஏலச்சரக்கானது. 2004ல் 15.76 லட்சம் டாலர், 2007ல் 9.92 லட்சம். 2017ல் மூன்றாவது ஏலம் என்றதும் அமைப்பே நீதிமன்றம் போனது: தன் காலத்துக்குப் பின் பிரதி அமைப்புக்கே சேரவேண்டும் என்று அந்த நண்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது வாதம். வழக்கு ஓய்ந்து, 2018ல் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் முதலாளி ஜிம் இர்சே அதை 24 லட்சம் டாலருக்கு வாங்கினார். இத்தனைக்கும் அமெரிக்காவில் அந்நூலின் முதல் பதிப்புக்குக் காப்புரிமை கிடையாது. உரிய நேரத்தில் புதுப்பிக்கவில்லை. அச்சில் வந்த வாசகம் எல்லோருக்கும் இலவசம். அடித்ததற்கும் திருத்தியதற்கும்தான் அவ்வளவு விலை.

அந்த அமைப்பு நியூயார்க்கில் தன் ஆவணக் காப்பகத்தை முறையாகத் திறந்தது 1975ல்தான். பில்லின் செயலாளராக இருந்த நெல் விங் அதன் முதல் காப்பாளர். பெயர் சொல்லாமையே உயிர்நாடியாக இருக்கும் அமைப்பில் ஆவணம் வைப்பது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் ஒருவர் பெயர், ஊர், வீழ்ந்த கதை இருக்கும். ஆகவே ஆராய வருபவர்கள் உறுப்பினர் பெயரை முழுசாக வெளியிடக்கூடாது என்பது அங்கே நிபந்தனை.

இந்தியாவுக்கு இந்த இயக்கம் 1957ல் வந்தது. தமிழில் கூட்டம் நடத்தும் குழுக்களுக்கு இருக்கும் சிக்கல் ஏலமல்ல, சுழற்சி. பொறுப்பு ஒருவரிடமே தங்கக்கூடாது என்பதால் செயலாளர் மாறுவார். அவரோடு கணக்கு நோட்டும், பழைய ஆண்டுவிழா அழைப்பிதழும், கையால் எழுதிய மொழிபெயர்ப்பும் வீடு மாறும். இரண்டு மாற்றத்தில் ஒரு பை காணாமல் போகும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். இதற்குப் பெரிய காப்பகம் வேண்டியதில்லை. துருப்பிடிக்கும் குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டலாம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாமல் இருக்கலாம். படத்தின் பின்னால் பென்சிலால் தேதியும் இடமும் குறிக்கலாம். முழுப் பெயர்ப் பட்டியலைத் தனி உறையில் ஒட்டி மூடி, எந்த ஆண்டுக்குப் பிறகு யார் அதைத் திறக்கலாம் என்று குழுவே கூடித் தீர்மானித்து மேலே எழுதி வைக்கலாம்.