கிழிந்த ஏடும் இட்லித் தட்டும்: விசை கேம்ஸ் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும், அதே ஆண்டு ஏப்ரல் 11 அன்று லண்டனில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் ஒரே படைப்பு பெற்றது. அதன் பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின் ஆக்கம் அது. போர்க்களமோ பந்தயச் சாலையோ அதில் இல்லை. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தியின் சமையலறையே அதன் களம். இவ்வெற்றியைப் பண்பாட்டுப் பெருமிதமாகக் கொண்டாடுவதோடு தமிழ் ஆய்வுலகம் நின்றுவிடுகிறது. இந்த விளையாட்டு ஆடுபவரைச் செய்யவைக்கும் செயல் தமிழ்ப் பதிப்பு வரலாற்றோடு நெருங்கிய உறவுடையது என்பதே இங்குக் கவனத்திற்குரியது.

இத்தகைய நிறுவனங்கள் தோன்றுவதற்கான சூழல் அண்மைக்காலத்தது. வட்டுகளை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பும் முதலீடு இருந்தால்தான் விளையாட்டை வெளியிட முடியும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2003இல் தொடங்கப்பட்ட ஸ்டீம் போன்ற இணைய அங்காடிகள் அந்நிலையை மாற்றின. 2017 முதல் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம் செலுத்தி எவரும் அங்குத் தம் ஆக்கத்தை விற்பனைக்கு வைக்கலாம் என்றாயிற்று. புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ இந்தியப் புராண மரபை உலக ஆட்டக்காரர்களிடம் கொண்டுசென்றது. அதே 2020இல் அறிவிக்கப்பட்ட ‘வெண்பா’ புராணத்தை நாடவில்லை, அன்றாடத்தை நாடியது. அபி அதனை வடிவமைத்தார். சாம் எல்கானா ஓவியப் பொறுப்பை ஏற்றார். ஆல்ஃபா சம்திங் இசையமைத்தார். 2023 ஜூலை 31 அன்று அது வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடக்கூடிய சிற்றாக்கம்.

கதை 1980களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் கனடாவில் குடியேறியவர்கள். தன் தாயின் சமையல் குறிப்பேட்டை அவள் உடன் கொண்டுவந்திருக்கிறாள். அந்த ஏடு சிதைந்திருக்கிறது. சில வரிகள் அழிந்துள்ளன, சில படங்கள் மங்கியுள்ளன. விடுபட்ட படிநிலையை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் செல்லும் என்பதை ஏடு முழுமையாகச் சொல்வதில்லை. பாத்திரத்தின் அமைப்பும் கைப்பழக்கமும்தான் விடை தருகின்றன.

சுவடிப் பதிப்பை அறிந்தோர்க்கு இச்செயல் புதிதன்று. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டதோடு அமையவில்லை. சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். ஏடு கைவிட்ட இடத்தில் வாழும் மரபு துணைநின்றது. ‘வெண்பா’வின் ஆட்டவிதியும் இதுவே. அங்குச் சமணக் குடும்பங்கள். இங்கு ஆடுபவரின் சமையலறை நினைவு. இட்லி அவித்த வீட்டில் வளர்ந்தவருக்கு அழிந்த வரி உடனே புலப்படும். அல்லாதவர் தவறு செய்து, மீண்டும் முயன்று கற்கிறார்.

வாழும் மரபும் அற்றுப்போனால் என்னவாகும் என்பதே விளையாட்டின் உட்கேள்வி. மகன் கவின் ஆங்கிலச் சூழலில் வளர்கிறான். தாய்மொழியிலிருந்தும் தாயின் உணவிலிருந்தும் விலகுகிறான். பின்னாளில் அதே ஏட்டின் முன் அவன் நிற்கும்போது, மை அழியாத வரிகளும் அவனுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஏட்டின் சிதைவைக் காட்டிலும் வாசகனின் சிதைவு பெரிது.

இக்கேள்வி கனடாவுக்கு மட்டும் உரியதன்று. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழ் பேசுவோர் கணிசமாக உள்ளனர். 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் காட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். தமிழகத்திலிருந்து இலங்கை, அங்கிருந்து தீவு என இருமுறை கடல் கடந்த சமையலறைகள் அவை. வீட்டில் தமிழும் வெளியில் இந்தியுமாக வளரும் தலைமுறை அங்கு உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி இழைவடம் செயல்பாட்டுக்கு வந்தது. அதுவரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. இணையவழியே பரவும் இவ்வகை ஆக்கங்களுக்குத் தீவுகளின் வாயில் திறந்தது அந்த வடத்தால்தான். காட்சாலின் குறிப்பேடும் ஒருநாள் ஆட்டவடிவம் பெறலாம். அதற்கு முன் அது கள ஆய்வாளரின் ஒலிப்பதிவிலேனும் இடம்பெற வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய சிக்கல் விளையாட்டுக்கும் உண்டு. நிண்டெண்டோ நிறுவனம் 2023 மார்ச் 27 அன்று தன் பழைய இரு கருவிகளுக்கான இணைய அங்காடியை மூடியது. அங்கு மட்டுமே விற்கப்பட்ட ஆக்கங்களை அதன்பின் முறையாக வாங்க வழியில்லை. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், அச்சிட்ட நூலின் படிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்பப் பதிப்பாளரைக் கடமைப்படுத்துகிறது. விளையாட்டு அச்சட்டத்தின் எல்லைக்குள் வராது.

ஓலை கறையானுக்கு இரையானது. மென்பொருள் அங்காடி மூடலுக்கும் கருவி மாற்றத்திற்கும் இரையாகிறது. சிதைந்த ஏட்டை மீட்கக் கற்பித்த ஒரு படைப்பு தானே சிதைந்த ஏடாகிவிடக் கூடாது. தமிழ்த் துறைகளும் ஆய்வு நூலகங்களும் இவ்வகை ஆக்கங்களைப் பனுவல்களாக ஏற்று, அவற்றை இயக்கும் கருவிகளோடு சேர்த்துத் தொகுக்கத் தொடங்குவதே அதற்கான முதற்படி. சாமிநாதையர் தேடிச் சென்றபோது சில ஏடுகளேனும் எஞ்சியிருந்தன. அந்த நல்வாய்ப்பு எல்லாக் காலத்துக்கும் உறுதியன்று.