பந்து கை நழுவினாலும் ஆட்டமிழப்பு: சொப்ட்போலில் நடுவர் எழுப்ப வேண்டிய குரல்

நானுஓயாவில் ஒரு பிள்ளையிடம் “சொப்ட்போல் விளையாடுவீங்களா?” என்று கேட்டால், டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டைத்தான் நினைப்பார். லயத்து முற்றத்திலும் தோட்டத்து மைதானத்திலும் ஆடப்படுவது அந்த மென்பந்து கிரிக்கெட். இக்கட்டுரை சொல்வது பேஸ்போலின் உறவான இன்னொரு சொப்ட்போலைப் பற்றி. 1887இல் சிக்காகோ நகரில் ஓர் உள்ளரங்கில் பிறந்த ஆட்டம் அது. 1996 முதல் 2008 வரை பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டியாக இருந்தது. பின்னர் டோக்கியோவில் ஆடப்பட்டது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் சொப்ட்போலும் இடம்பெறவுள்ளன.

எல்லே ஆடிய பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் முழுக்கப் புதிதல்ல. பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவருவது இரண்டிலும் உண்டு. ஆனால் சொப்ட்போலில் ஒரு விதி பிள்ளைகளை மட்டுமல்ல, பெற்றோரையும் பயிற்றுநரையும் குழப்பும். அதன் பெயர் ‘இன்பீல்ட் பிளை’. உள்மைதானத்தில் உயரே எழும் பந்து என்று பொருள்.

எதற்காக இந்த விதி?

முதலாம், இரண்டாம் தளங்களில் ஓட்டக்காரர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துடுப்பாடுபவர் அடித்த பந்து உயரே கிளம்பி, உள்மைதானத்துக்குள்ளேயே இறங்குகிறது. பந்து பிடிபட்டால் ஓட்டக்காரர்கள் தமது தளத்தைத் தொட்டாக வேண்டும். ஆகவே அவர்கள் தளத்தை விட்டு அதிகம் விலகாமல் காத்திருப்பார்கள்.

இங்கேதான் தந்திரத்துக்கு இடம் இருக்கிறது. களத்தடுப்பாளர் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டால், துடுப்பாடுபவர் முதலாம் தளத்துக்கு ஓடுவார். அங்கே நிற்பவர் இரண்டாம் தளத்துக்கும், இரண்டாம் தளத்தில் நிற்பவர் மூன்றாம் தளத்துக்கும் போக வேண்டிய கட்டாயம் வரும். கீழே கிடக்கும் பந்தை எடுத்து எறிந்தால் ஒரே பந்தில் இருவரை ஆட்டமிழக்கச் செய்யலாம். நின்றாலும் ஆபத்து, ஓடினாலும் ஆபத்து. தவறே செய்யாத ஓட்டக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

இதைத் தடுக்க அமெரிக்க பேஸ்போலில் 1895இல் இந்த விதி வந்தது. நடுவர் பந்து மேலே இருக்கும்போதே துடுப்பாடுபவர் ஆட்டமிழந்ததாக அறிவித்துவிடுவார். அதன்பின் பந்து பிடிபட்டாலும் நழுவினாலும் அவர் ஆட்டமிழந்தவரே. அவர் ஆட்டமிழந்துவிட்டதால் மற்றவர்களுக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் ஏமாற்றுக்கும் பலன் இல்லை.

எப்போது பொருந்தும்?

1. முதலாம், இரண்டாம் தளங்களிலோ மூன்று தளங்களிலுமோ ஓட்டக்காரர்கள் இருக்க வேண்டும்.
2. இருவர் ஆட்டமிழப்பதற்கு முன்பாக இருக்க வேண்டும்.
3. பந்து உயர எழுந்து, எல்லைக்கோடுகளுக்குள் இருக்க வேண்டும். நேராகப் பாயும் பந்துக்கும், மட்டையால் மெல்லத் தட்டிவிடும் பந்துக்கும் இது பொருந்தாது.
4. உள்மைதானக் களத்தடுப்பாளர் ஒருவர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்தாக இருக்க வேண்டும்.

முதலாம் தளத்தில் மட்டும் ஆள் இருந்தால் இந்த விதி கிடையாது. துடுப்பாடுபவர் ஒழுங்காக ஓடினாலே இருவர் ஆட்டமிழக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

அழைப்பு வந்த பின்னும் ஆட்டம் நிற்பதில்லை. ஓட்டக்காரர் விரும்பினால் தன் பொறுப்பில் ஓடலாம். அவரை ஆட்டமிழக்கச் செய்ய, தளத்தைத் தொட்டால் போதாது. பந்தால் அவரையே தொட வேண்டும்.

‘சாதாரண முயற்சி’ என்றால்?

நடுவருக்கு மிகக் கடினமான இடம் இதுதான். 2012 ஒக்டோபர் 5ஆம் திகதி அட்லாண்டாவில் பிரேவ்ஸ், கார்டினல்ஸ் அணிகள் மோதிய போட்டியில், உள்மைதானத்தைத் தாண்டி வெகுதூரம் சென்ற ஒரு பந்துக்கு நடுவர் சேம் ஹோல்ப்ரூக் இந்த அழைப்பை விடுத்தார். ரசிகர்கள் போத்தல்களை எறிந்தார்கள். ஆட்டம் 19 நிமிடங்கள் தடைப்பட்டது. பிரேவ்ஸ் அணியின் ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. தூரம் அல்ல, சாதாரண முயற்சியில் பிடிக்க முடியுமா என்பதே அளவுகோல்.

சிறுவர் ஆட்டத்தில் அந்த அளவுகோல் இன்னும் முக்கியம். அந்தப் போட்டி மட்டத்தில் ஆடும் சராசரி ஆட்டக்காரரால் முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். மைதானத்தின் நிலையையும் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேசிய அணி வீராங்கனைக்கு எளிதான பந்து 12 வயதுப் பிள்ளைக்கு எளிதல்ல. நானுஓயாவில் பனிமூட்டம் இறங்கிய மாலையில், காற்றில் அலையும் பந்து யாருக்குமே எளிதல்ல. அப்படிப்பட்ட பந்துக்கு நடுவர் குரல் கொடுத்தால், நியாயமாக ஓடிச் சேர்ந்திருக்க வேண்டிய துடுப்பாட்டப் பிள்ளை வீணாக ஆட்டமிழப்பாள்.

கிரிக்கெட்டில் இதற்கு உறவு

பந்து கையில் இல்லாமலே எறிவதுபோல் நடித்துத் துடுப்பாட்ட வீரரை ஏமாற்றுவதை 2017இல் கிரிக்கெட் சட்டம் தடுத்தது. தண்டனை 5 ஓட்டங்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் அவுஸ்திரேலிய உள்ளூர்ப் போட்டியொன்றில் மார்னஸ் லபுஷேன் அதில் சிக்கினார். இரு விளையாட்டுகளும் சொல்வது ஒன்றே: திறமைக்குப் பலன் உண்டு, வஞ்சகத்துக்கு இல்லை.

பயிற்றுநருக்கு

நடுவரின் கணிப்பை எதிர்த்து முறையிட முடியாது. ஆனால் விதியே பிழையாகப் பயன்படுத்தப்பட்டால், உதாரணமாக முதலாம் தளத்தில் மட்டும் ஆள் இருக்கும்போது அழைத்தால், அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன் ஆட்சேபிக்கலாம். நடுவர் அழைக்க மறந்தால் என்ன செய்வது என்பதில் விதிப்புத்தகங்கள் வேறுபடுகின்றன. மிகச் சிறுவர் பிரிவுகளில் இவ்விதியே இல்லாத போட்டிகளும் உண்டு. ஆகவே ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மொழி. நடுவர் வலக்கையை உயர்த்தி “இன்பீல்ட் பிளை” என்று ஆங்கிலத்தில்தான் கூவுவார். அதன் பொருள் தெரியாத பிள்ளை, பந்து கீழே விழுந்ததும் பயந்து ஓடுவாள். பந்தோடு காத்திருப்பவரிடம் மாட்டுவாள். அவளைக் காப்பாற்ற வந்த விதியே அவளை வீழ்த்திவிடும். பயிற்சியின்போதே தமிழில் சொல்லிக்கொடுங்கள்: “கை உயர்ந்தால், அடித்தவர் அவுட். நீ தளத்தோடு நில். ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.”

பலவீனமான இடத்தில் நிற்பவரைக் காப்பதற்கென்று ஒரு விதி இருந்தால் மட்டும் போதாது. அது உரிய நேரத்தில் உரக்கச் சொல்லப்பட வேண்டும். கேட்பவருக்குப் புரியவும் வேண்டும்.