பல்மதிப்புத் தருக்கத்தின் மெய்யியல் தோற்றம்

ஒவ்வொரு கூற்றும் மெய் அல்லது பொய், மூன்றாவது நிலை கிடையாது என்பது இருமதிப்புக் கொள்கை. இதை ஏற்காத தருக்க முறைகளைப் பல்மதிப்புத் தருக்கம் என்கிறோம். இன்று கணிதத்தோடு சேர்த்துப் படிக்கப்படும் இத்துறை முளைவிட்டது, மனிதனின் செயல் அவன் கையில் இருக்கிறதா, முன்பே முடிவாகிவிட்டதா என்ற பழைய வழக்கில்.

வழக்கைத் தொடங்கிவைத்தவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் அரிஸ்டாட்டில். ‘நாளை கடற்போர் நடக்கும்’ என்பது இன்றே மெய்யானால் போரை யாராலும் தடுக்க முடியாது. இன்றே பொய்யானால் யாராலும் நடத்த முடியாது. எப்படியானாலும் தளபதிகள் கூடி ஆலோசிப்பது வீண். இம்முடிவை அவர் மறுத்தார். அதற்காக இருமதிப்பையே கைவிட்டாரா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எபிகூரஸ் துணிந்து கைவிட்டார். ஸ்டோயிக் மரபின் கிரிசிப்பஸோ அதை இறுகப் பற்றி, அதிலிருந்தே எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று வாதிட்டார்.

இவ்வழக்கைத் தருக்க முறையாகவே வடித்தவர் போலந்தின் யான் வுகசியேவிச். ஜெர்மானியப் படையின் பிடியில் வார்சா இருந்த 1918 மார்ச்சில், பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பிரியாவிடை உரையில், மனிதனின் படைப்புச் செயலைக் கட்டுப்படுத்தும் எல்லா வற்புறுத்தலுக்கும் எதிராகப் போர் தொடுத்திருப்பதாக அவர் அறிவித்தார். தருக்கப் பேராசிரியரிடம் எதிர்பார்க்கக்கூடிய பேச்சல்ல அது. 1920இல் மும்மதிப்புத் தருக்கத்தை வெளியிட்டார். ‘அடுத்த ஆண்டு டிசம்பர் 21 நண்பகலில் நான் வார்சாவில் இருப்பேன்’ என்பது அவர் பின்னர் எடுத்தாண்ட உதாரணம். மெய்க்கு 1, பொய்க்கு 0 என்றால், இன்னும் முடிவாகாத இதற்கு ½. சார்ல்ஸ் பேர்ஸ் 1909இலேயே எழுதிவைத்த மும்மதிப்பு அட்டவணைகள் அப்போது அச்சேறாமல் கிடந்தன. 1921இல் எமில் போஸ்ட் தனியாக உருவாக்கிய முறையில் இந்த மெய்யியல் கவலை ஏதும் இல்லை.

ஆனால் வுகசியேவிச்சின் தீர்வு, அது தீர்க்க வந்த சிக்கலிலேயே தடுக்கியது. ‘போர் நடக்கும் அல்லது நடக்காது’ என்பதை அரிஸ்டாட்டில் ஐயமின்றி மெய் என்றார். இம்முறையிலோ அதற்கு ½தான். ‘நடக்கும், நடக்கவும் செய்யாது’ என்ற அப்பட்டமான முரணுக்கும் அதே ½. இது சிறிய குறை அல்ல.

மூன்றாம் மதிப்பு பின்னர் வேறு பணிக்கும் பயன்பட்டது. 1938இல் ஸ்டீஃபன் கிளீனி, கணக்கிட்டு முடிவுகாண இயலாத இடங்களைக் குறிக்க மூன்றாம் மதிப்பைப் பயன்படுத்தினார். விதியைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் டப்ளினில் குடியேறிய வுகசியேவிச், 1953இல் நான்கு மதிப்புகள் கொண்ட வேறொரு முறையை முன்வைத்தார்.