விரலும் சாட்சி பகரும்

ஓவியமாயினும் சிற்பமாயினும் பார்ப்பவர் எட்ட நின்று கண்டு, தொடாமல் திரும்புவதே கலைக்கூடங்களின் மரபு. இணையம் பரவத் தொடங்கிய 1990களில் அம்மரபு மேலும் மாறலாயிற்று. பார்ப்பவரும் இணையம் வழியே செயல்பட்டால்தான் நிறைவுறும் கலைப்படைப்புகள் தோன்றின.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கென் கோல்ட்பர்கும் அவர்தம் குழுவினரும் ‘டெலிகார்டன்’ என்னும் சிறு தோட்டத்தை அமைத்தனர். நடுவே ஓர் இயந்திரக் கை. எங்கிருந்தும் இணையம் வழியே அக்கையை இயக்கி விதை ஊன்றலாம், நீர் வார்க்கலாம். பின்னர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு மாற்றப்பட்ட அத்தோட்டம் 2004 வரை அங்கே இருந்தது.

நீர் வார்த்த அதே தொலைதூரக் கை துப்பாக்கியையும் இயக்க வல்லது என்று 2007இல் காட்டியவர் வஃபா பிலால். 1991இல் சதாம் ஆட்சியிலிருந்து தப்பி, சவூதி அரேபிய அகதி முகாமில் வாழ்ந்து, அமெரிக்கா சேர்ந்த இராக்கியக் கலைஞர் அவர். 2004இல் அவருடைய சகோதரர் அமெரிக்கத் தாக்குதலில் உயிரிழந்தார். பின்னொரு நாள், அமெரிக்காவில் அமர்ந்தபடியே இராக்கின் மீது குண்டு வீசும் படைவீரர் ஒருவரின் பேட்டியைத் தொலைக்காட்சியில் கண்டார். அதுவே இப்படைப்புக்கு வித்தாயிற்று.

சிகாகோ நகரின் கலைக்கூடமொன்றில், ஓர் அறைக்குள் அவர் ஒரு மாதம் வாழ்ந்தார். எதிரே சாயக்குண்டுத் துப்பாக்கியும் கேமராவும் இருந்தன. விரும்பிய எவரும் இணையம் வழியே அவரைக் குறிபார்த்துச் சுடலாம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 60,000க்கும் அதிகமான குண்டுகள் பாய்ந்தன. அறையெங்கும் மஞ்சள் சாயம் வழிந்தது. ஆயினும் வேறு சிலர் ஒன்றுகூடி, துப்பாக்கி அவரை நோக்காதவாறு அதை ஓயாமல் அப்பால் திருப்பிக்கொண்டிருந்தனர். அவர்களும் முகமறியாதவர்களே, அவர்களுக்கும் அதே கருவிதான் கிடைத்திருந்தது.

சுட்டவரையும் காத்தவரையும் பிரித்தது தூரமன்று, நிய்யத்தே. திரைக்கு அப்பால் இருப்பவரும் ஆதமின் மக்களுள் ஒருவர் என்ற நினைவு வந்தவர் காத்தார், வராதவர் சுட்டார். இன்று நம் இல்லங்களில் சிறுவர் கையிலும் அத்தகைய திரை இருக்கிறது. பழிச்சொல்லைப் பரப்புவதும் தடுப்பதும் ஒரு விரலசைவுதான். மறுமையில் கைகளே சாட்சி பகரும் என்று ஈமான் கொண்டவர்கள் நாம். தொலைவில் செய்ததென்று சொல்லி அந்தச் சாட்சியிலிருந்து எந்த விரலும் தப்பிவிட இயலாது.